நான்காம் துளையின் முகவரி

ஒரு வீட்டில் யார் எந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்று யாரும் எழுதி ஒட்டுவதில்லை, சார். ஆனாலும் நீங்கள் இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் உங்கள் நாற்காலிக்குத்தான் போவீர்கள். அதில் வேறொருவர் உட்கார்ந்திருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டீர்கள். பக்கத்தில் நின்று கடிகாரத்தைப் பார்ப்பதுபோல் பார்ப்பீர்கள். அவ்வளவுதான். நானும் ரொம்ப நாள் அவ்வளவுதான் செய்தேன்.

விசிறியைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னால் நல்லது. எனக்குக் குளிர் ஆகாது. குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்க்கிறவன் இப்படிச் சொன்னால் சிரிப்பாகத்தான் இருக்கும். எங்கள் மேனேஜருக்கு வருடம் முழுக்க மூக்கடைப்பு. அவர்தான் பழங்களை முகர்ந்து பார்த்துத் தரம் சொல்கிறவர். எங்கள் இடமே அப்படி.

முதலில் பழங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் மற்றது புரியாது. ஆப்பிளைப் பறித்த பிறகும் அது உயிரோடுதான் இருக்கும். மூச்சு விடும். மூச்சு விட விட அதற்கு வயதாகும். அதனால் அறையை இறுக்கி மூடி, உள்ளே நைட்ரஜனை நிரப்பி, ஆக்சிஜனை வெளியேற்றிவிடுவோம். பழம் தூங்கிவிடும். மாதக்கணக்கில் தூங்கும். எழுப்பும்போது நேற்றுப் பறித்ததுபோல் கன்னம் சிவந்திருக்கும். மனிதன் அந்த அறைக்குள் போனால் இரண்டு மூச்சு, அப்புறம் கீழே விழுவான். வாசனை எதுவும் வராது. மூச்சு முட்டுவதுபோலக்கூடத் தோன்றாதாம். பயிற்சி வகுப்பில் இதைச் சொன்னபோது நான் ஒருவன்தான் கவனமாகக் கேட்டேன். மற்றவர்கள் பிஸ்கட் எப்போது வரும் என்று கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் என்னை எழுந்து நிற்கச் சொல்லிப் பாராட்டினார்.

ஒவ்வோர் அறைக்குள்ளும் ஆக்சிஜனை அளக்க ஒரு சென்சார் உண்டு. வாசலில் ஒரு டிஸ்ப்ளே. காற்று சரியாக இருந்தால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. சென்சார் சொல்வதை டிஸ்ப்ளேக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நடைக்கூடத்தின் கோடியில் இரும்புப் பெட்டிக்குள் இருக்கும் ஸ்விட்ச். விளக்குப் போடுகிற ஸ்விட்ச் இல்லை, சார். வரிசையாகத் துளைகள் இருக்கும், ஒவ்வொன்றிலும் ஓர் அறை சென்சாரின் கேபிள் செருகியிருக்கும். கிடங்கின் நெட்வொர்க் முழுவதும் அதன் வழியாகத்தான் போகிறது. அதுதான் என் பொறுப்பு.

நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு நிரந்தர முகவரி வேண்டும். நாலாம் அறை வாசலில் இருக்கும் டிஸ்ப்ளேக்குக் கண் கிடையாது. அது நாலாம் முகவரியைக் கூப்பிடும். யார் பதில் சொல்கிறாரோ அவர் சொல்வதைக் காட்டும். முன்பெல்லாம் சென்சார் கெட்டுப்போனால், புதியதுக்குள் அந்த முகவரியை லேப்டாப் வைத்து எழுத வேண்டும். நான் வந்த பிறகு ஓர் ஏற்பாடு செய்தேன். முகவரியைக் கருவிக்குக் கொடுக்காமல் துளைக்குக் கொடுத்துவிட்டேன். நாலாம் துளையில் எதைச் செருகினாலும் அதற்கு நாலாம் முகவரி தானாகக் கிடைக்கும். பழையது செத்தால் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியதைச் செருகினால் போதும். அதே பெயருக்கு அது பதில் சொல்லும். யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

மேனேஜருக்கு மிகுந்த சந்தோஷம். "அப்ப இனிமே நீ லீவு போட்டாலும் வேலை ஓடும்" என்றார். அதற்குப் பிறகும் லீவு தரவில்லை.

இந்த ஏற்பாட்டை நான் கண்டுபிடிக்கவில்லை, சார். எல்லாப் பெரிய தொழிற்சாலைகளிலும் இருப்பதுதான். என் வீட்டிலும் அதுதான் நடந்தது.

வீட்டில் அம்மா, அக்கா, நான். அம்மா ஜன்னலோரம் தையல் மிஷின் போட்டிருக்கிறாள். அதற்குப் பக்கத்தில் முதுகு நேராக இருக்கும் நாற்காலி என்னுடையது. கதவுக்குப் பின்னால் சாவி மாட்டுகிற முதல் கொக்கி என்னுடையது. விளிம்பில் சின்ன நசுங்கல் உள்ள டம்ளர் என்னுடையது. அம்மாவும் அக்காவும் என்னைத் தம்பி என்று கூப்பிடுவார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று அர்த்தம்.

அக்காவுக்குக் கல்யாணம் ஆனது. அத்தானுக்கு அப்பா அம்மா இல்லை. வாடகை வீடு எதற்கு என்று எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். அவர் எங்கள் கிடங்கில் அறைகளுக்குப் பொறுப்பாளர். அக்கா அங்கேயே பழம் தரம் பிரிக்கும் கூடத்தில் வேலை. நான்தான் இருவருக்கும் நடுவில் தூது போனேன் என்று மேனேஜர் கல்யாணத்தில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். அது உண்மைதான்.

அத்தானைப் பற்றிக் குறையாக ஒரு வார்த்தை சொல்ல முடியாது. அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு வேலை இருந்திருக்காது. அம்மாவை அத்தை என்று கூப்பிடாமல் அம்மா என்றே கூப்பிட்டார். பெட்டி தூக்கித் தூக்கி அவருக்கு முதுகுவலி. "மாப்பிள்ளைக்கு முதுகு நேரா இருக்கணும், நீ அந்த ஸ்டூல்ல உக்காரேன்" என்றாள் அம்மா. உட்கார்ந்தேன். சாவிக்கு முதல் கொக்கி வசதி என்று அவருக்கும் தோன்றியது. என் சைக்கிளுக்கு நான் கேட்காமலேயே செயின் மாற்றிக்கொண்டு வந்தார். ஒரு நாள் பார்த்தால் நசுங்கின டம்ளரில் காபி குடித்துக்கொண்டிருக்கிறார். "இது உன்னோடதா மாப்ள? எனக்கு எல்லா டம்ளரும் ஒண்ணுதான்" என்று சிரித்தார். எல்லா டம்ளரும் ஒன்றென்றால் வேறு டம்ளரில் குடித்திருக்கலாம். நான் அப்படிச் சொல்லவில்லை.

கொஞ்ச நாள் அவரை மாப்பிள்ளை என்று கூப்பிட்ட அம்மா, அப்புறம் தம்பி என்று கூப்பிட ஆரம்பித்தாள். அவள் மிஷினிலிருந்து தலை தூக்காமல் "தம்பி" என்பாள். "என்னம்மா" என்று இரண்டு குரல் வரும். முதல் தடவை எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

நெட்வொர்க்கில் இதற்குப் பெயர் முகவரி மோதல். ஒரே முகவரியை இரண்டு கருவிகள் வைத்துக்கொண்டால் இரண்டும் ஒழுங்காக வேலை செய்யாது. கூப்பிட்டால் ஒருசமயம் இது பதில் சொல்லும், ஒருசமயம் அது. தீர்வு ஒன்றுதான். ஒன்றைக் கழற்ற வேண்டும்.

அம்மாவும் அந்தத் தீர்வைத்தான் எடுத்தாள். "கூப்பிட்டா ரெண்டு பேரும் வந்து நிக்கிறீங்க, எனக்குக் குழப்பமா இருக்கு. நீ இனிமே சின்னவன்" என்றாள் என்னிடம். "ஏண்டா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிற, பேர்ல என்ன இருக்கு" என்றாள் அக்கா. அன்றிலிருந்து அவளும் சின்னவனே என்று கூப்பிட்டாள்.

நீங்கள் நினைப்பது தெரிகிறது. உள்ளே வந்ததும் நீங்கள்கூட "உட்காருங்க தம்பி" என்றீர்கள். டீக்கடையில், பஸ்ஸில், எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அது வேறு, சார். எங்கள் கிடங்கின் முகவரிகள் கிடங்குக்கு உள்ளே மட்டும்தான் செல்லுபடியாகும். அதே எண் வெளியே ஆயிரம் இடத்தில் இருக்கும். அதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. உள்ளேயிருந்து கூப்பிட்டால்தான் கூப்பிட்டது.

அன்றைக்கு நாலாம் அறையைத் திறக்க வேண்டிய நாள். லாரி வருகிறது, பழத்தை ஏற்ற வேண்டும். அத்தான் காலையில் வந்து எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிட்டார். நைட்ரஜன் வெளியேறி வெளிக்காற்று உள்ளே நிறைவதற்குச் சாயங்காலம் ஆகும். அதுவரை டிஸ்ப்ளே சிவப்பு. பச்சை வந்த பிறகுதான் கதவைத் திறக்கலாம். அத்தான் வீட்டில் கேஸை அணைத்துவிட்டுப் படுக்கப் போய், மறுபடி எழுந்து வந்து தொட்டுப் பார்க்கிற ஆள். சிவப்பு எரியும்போது அந்தக் கதவுப் பக்கம் சாய்ந்துகூட நிற்க மாட்டார்.

பக்கத்தில் ஐந்தாம் அறை காலி. பெயின்ட் அடிப்பதற்காகக் கதவைத் திறந்து போட்டு, வாசல் டிஸ்ப்ளேயைக் கழற்றி வைத்திருந்தார்கள். உள்ளே சென்சார் மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது. நல்ல காற்றை அளந்து, யாரும் கேட்காத பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தது. எனக்கு அதன் மேல் கொஞ்சம் இரக்கம் உண்டு.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் நான் இரும்புப் பெட்டியைத் திறந்தேன். நாலாம் துளையின் கேபிளையும் ஐந்தாம் துளையின் கேபிளையும் கழற்றி இடம் மாற்றிச் செருகினேன். நான் செய்தது இதுதான், சார். மற்றதை ஸ்விட்ச் செய்தது. ஐந்தாம் அறை சென்சாருக்கு நாலாம் முகவரி கிடைத்தது. நாலாம் அறை டிஸ்ப்ளே கூப்பிட்டது. "இங்கே காற்று நன்றாக இருக்கிறது" என்று பதில் வந்தது. அது பொய் சொல்லவில்லை. அதன் அறையில் காற்று நன்றாகத்தான் இருந்தது.

அத்தான் டிஸ்ப்ளே முன்னால் நின்று தலையைச் சொறிந்தார்.

"மாப்ள, நாலு பச்சை காட்டுதுடா. அதுக்குள்ளயா?"

"போன வாரம்தானே ஃபேனுக்குப் புது மோட்டார் போட்டாங்க அத்தான்."

"அட, ஆமால்ல. பரவாயில்லையே, நம்ம மேனேஜர் வாங்கிப் போட்டதுகூட வேலை செய்யுது."

பாக்கெட்டில் மாட்டிக்கொள்கிற சின்ன மீட்டர் ஒன்று உண்டு. ஆக்சிஜன் குறைந்தால் கத்தும். அதற்கு பேட்டரி கேட்டு எழுதிக் கொடுத்திருந்தோம். பேட்டரி வாங்க மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும், அதில் ஒருவர் ஓய்வுபெற்றுவிட்டார். அத்தான் மீட்டரை எடுத்து அழுத்திப் பார்த்தார். மறுபடி உள்ளே வைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சரிதானே மாப்ள?"

"பச்சைன்னா சரிதான் அத்தான்."

என் வேலையைப் பற்றி என்னிடம் கேட்டால் யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

ஒருவர் உள்ளே போனால் ஒருவர் வெளியே நிற்க வேண்டும் என்பது விதி. நான் நின்றேன். அத்தான் கதவைத் தள்ளி, உள்ளே நடந்து, முதல் அடுக்குப் பெட்டி மேல் கையை வைத்தார். பழத்தைத் தட்டிப் பார்ப்பதுபோல் ஒரு தட்டுத் தட்டினார். அப்புறம் முழங்கால் மடங்கி உட்கார்ந்தார், செருப்பு வாரைச் சரிசெய்ய உட்கார்வதுபோல. அப்புறம் பக்கவாட்டில் சாய்ந்துகொண்டார். சத்தமே இல்லை. பயிற்சி வகுப்பில் சொன்னது எல்லாமே சரியாக இருந்தது.

இத்தோடு முடிந்திருக்க வேண்டும். என் கணக்கில் இத்தோடு முடிந்திருந்தது.

அக்கா சாப்பாட்டுப் பையோடு வந்தாள். வழக்கமாக நாங்கள்தான் அவள் கூடத்துக்குப் போவோம். அன்றைக்கு நேரமாகிவிட்டதே என்று அவளே தேடிக்கொண்டு வந்திருக்கிறாள். தூரத்திலிருந்தே, "ரெண்டு பேருக்கும் பசிக்கவே பசிக்காதா, காத்தைக் குடிச்சே வயிறு ரொம்பிடுமா?" என்று சத்தம் போட்டுக்கொண்டு வந்தாள். கதவு திறந்திருந்தது. அவர் கிடப்பதைப் பார்த்தாள்.

பயிற்சி வகுப்பில் அவளும் இருந்தாள், சார். பிஸ்கட்டைப் பார்த்தவர்களில் ஒருத்திதான், ஆனாலும் சிவப்பு என்றால் என்ன, பச்சை என்றால் என்ன என்று தெரியும். ஓடி வந்தவள் வாசலில் நின்றுவிட்டாள். பையைக் கீழே வைத்தாள். போடவில்லை, வைத்தாள். டிஸ்ப்ளேயைப் பார்த்தாள். அதையும் நம்பாமல் என் பக்கம் திரும்பினாள்.

"தம்பி," என்றாள். "தம்பி, பச்சைதானேடா? உள்ள போலாம்ல?"

இந்த இடத்தை நான் நிறையத் தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். நான் சின்னவன் ஆன பிறகு அவள் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. பதற்றத்தில் பழைய பெயர் வந்துவிட்டது. எதிர்பார்க்காத நேரத்தில் எதிர்பார்க்காத ஆளிடமிருந்து வந்தது. என் கழுத்துக்குப் பின்னால் இருந்து ஒரு சூடு இறங்கியது. கூப்பிட்டால் பதில் சொல்ல வேண்டும். ஒரு கருவி வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள நாங்கள் அப்படித்தான் செய்வோம். முகவரியைக் கூப்பிட்டுவிட்டு, பதில் வருகிறதா என்று பார்ப்போம். பதில் வந்தால் அது உயிரோடு இருக்கிறது.

"ஆமாக்கா," என்றேன்.

அவள் போனாள். அவருடைய இரண்டு கைகளையும் பிடித்து இழுக்கக் குனிந்தாள். நிமிரவில்லை.

எனக்கு அக்காமேல் எந்த மனக்கசப்பும் கிடையாது. அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

பிறகு நான் நடைக்கூடத்தின் கோடிக்குப் போய், கேபிள்களைப் பழையபடி மாற்றிச் செருகி, பெட்டியைப் பூட்டினேன். நாலாம் அறை சிவப்புக் காட்டியது. அதற்கப்புறம்தான் கத்தினேன். வந்தவர்கள் எல்லோரும் சிவப்பைப் பார்த்தார்கள். சிவப்பு எரியும்போது உள்ளே போயிருக்கிறாரே, இவ்வளவு அனுபவசாலி இப்படிச் செய்யலாமா என்றார்கள். மறுநாள் மேனேஜர் அத்தானை உதாரணமாக வைத்துப் பாதுகாப்பு பற்றிப் பேசினார். பேட்டரி வந்துவிட்டது. ஓய்வுபெற்றவர் வீட்டுக்கே போய்க் கையெழுத்து வாங்கி வந்திருக்கிறார்கள்.

காலையில் வேலைக்குப் போனதும் எல்லா முகவரிகளையும் ஒருமுறை கூப்பிட்டுப் பார்ப்பது என் வழக்கம். எல்லாம் உடனே பதில் சொல்லும், கண் இமைப்பதற்குள். அந்த நாளுக்குப் பிறகு நாலு மட்டும் தாமதமாகச் சொல்கிறது. சென்சாரை மாற்றினேன். கேபிளை மாற்றினேன். ஸ்விட்சையே மாற்றினேன். அறை காலி, கதவு திறந்து கிடக்கிறது, பழம்கூட இல்லை. ஆனாலும் கூப்பிட்டால் ஒரு சின்ன இடைவெளி விட்டுத்தான் பதில் வருகிறது. தரையிலிருந்து எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டு, வந்து சொல்வதுபோல. சில நாள் இரண்டு பதில் வரும். ஒரு கேள்விக்கு இரண்டு பதில் வரக் கூடாது, சார். நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் லீவு எடுத்துக்கொள் என்பார்கள்.

வீட்டில் எல்லாம் ஒழுங்காகிவிடும் என்றுதான் நினைத்தேன். இடம் காலியானால் அடுத்தவர் அங்கே உட்காருவார், அதே பெயருக்குப் பதில் சொல்வார். அதுதான் ஏற்பாடு. அம்மா அந்த நாற்காலிக்கு முன்னால் தட்டு வைத்தாள், சோறு போட்டாள். நான் போய் உட்கார்ந்தேன். அவள் என்னைப் பார்க்காமல் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அடுத்த நாளும் அப்படியே. நான் அந்தக் கொக்கியில் சாவியை மாட்டுவேன். காலையில் பார்த்தால் என் சாவி மேஜையில் இருக்கும், கொக்கி காலியாக இருக்கும். பக்கத்து அறையில் நான் படுத்திருக்கும்போது, "தம்பி, முதுகு எப்படிப்பா இருக்கு" என்று அவள் கேட்பது காதில் விழும். எழுந்து போய்ப் பார்ப்பேன். மிஷினும் நாற்காலியும் அவளும் மட்டும்தான் இருப்பார்கள்.

இரண்டு சாவுக்கும் துக்கம் கேட்க வந்தவர்கள் அத்தானின் கவனக்குறைவைப் பற்றிப் பேசினால், அவள் ஒன்றே ஒன்றுதான் சொல்வாள். "செவப்பப் பாத்தா அந்தப் பிள்ளை கால் வைக்காது."

போன செவ்வாய்க்கிழமை, மத்தியானம். நான் ஸ்டூலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அம்மா மிஷின் முன்னால் உட்கார்ந்து, அத்தானுடைய சட்டை ஒன்றின் தையலைக் கத்தரிக்கோலால் பிரித்துக்கொண்டிருந்தாள். தலை தூக்கவில்லை.

"தம்பி," என்றாள்.

நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். பழக்கம். யாரும் இல்லை.

"உன்னத்தான் தம்பி. இங்க வந்து உக்காரு."

நாற்காலியைக் காட்டினாள். போய் உட்கார்ந்தேன். அவள் உள்ளே போய், நசுங்கின டம்ளரில் காபி கொண்டுவந்து வைத்தாள். நான் குடித்து முடித்ததும் மறுபடி சட்டையை எடுத்துக்கொண்டாள்.

"அன்னிக்கு நீ எங்க நின்ன தம்பி?"

"வாசல்லம்மா. ஒருத்தர் வெளிய நிக்கணும்ல."

"ம். அவங்க உள்ள போறப்ப என்ன கலர் எரிஞ்சுது?"

அவள் குரல் எவ்வளவு மெதுவாக இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல முடியவில்லை. நான் சின்னப் பையனாகக் காய்ச்சலில் கிடந்தபோது அப்படித்தான் பேசுவாள். பொய் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வீட்டுக்குள்ளிருந்து, என் இடத்தில் என்னை உட்கார வைத்து, என் பெயரால் கூப்பிடுகிறாள்.

"பச்சைம்மா," என்றேன்.

கத்தரிக்கோல் நின்றது. "சரிப்பா," என்றாள். அப்புறம் மறுபடி நூலைப் பிரிக்க ஆரம்பித்தாள். ராத்திரி சோறும் அந்த நாற்காலியிலேயே போட்டாள். நான் அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். காலையில் எழுந்தபோது அவள் செருப்பு வாசலில் இல்லை.

அவள்தான் இங்கே ஸ்டேஷனுக்கு வந்து புகார் எழுதிக் கொடுத்தாள் என்று நீங்கள் சொன்னீர்கள். இருக்கலாம். வயதானவள், பதற்றத்தில் எங்கே போகிறோம் என்று தெரியாமல் வந்திருப்பாள். கோபமாக இருந்தால் என்னை அப்படிக் கூப்பிட்டிருக்க மாட்டாள். எனக்கு அம்மாவைத் தெரியும். கோபம் வந்தால் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள் என்று கான்ஸ்டபிள் சொன்னார். எனக்குத் துணைக்காகத்தான் இருக்கும். நான் கேட்பது ஒன்றுதான், சார். கேபிள், துளை, அக்கா, அத்தான், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். நீங்கள் அந்தக் கதவைத் திறந்து, தம்பி உள்ளே இருக்கிறான் என்று மட்டும் அவளிடம் சொல்லிப் பாருங்கள். பதில் வரும். கொஞ்சம் தாமதமாக வரலாம். வரவில்லையென்றால் அவளை ஒன்றும் சொல்லாதீர்கள். கோளாறு வயரில்தான் இருக்கும்.